போடி மலைச்சாரலில் வேட்டைச் சங்கமும் குறிமேடையும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைத்தொடர் ஒரு நெடுமதிலாகத் தோன்றும். போடிமெட்டு வழியே அம்மதிலைக் கடந்தால் பூப்பாறையும் ஏலமலைக் காடுகளும் வரும். கொட்டகுடி, குரங்கணி வழியே வடமேற்காக ஏறினால் டாப் ஸ்டேஷனும் அதற்கப்பால் மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களும் வரும். இவ்விரு வழிகளிலும் ஏலக்காயும் தேயிலையும் இறங்கிய வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். அதே வழிகளில் ஏறிய துப்பாக்கியின் வரலாறு அவ்வளவாக எழுதப்பெறவில்லை.

துப்பாக்கி தனியாக ஏறவில்லை. அதனோடு ஒரு சட்டம் ஏறியது; பின்னர் ஒரு சங்கம் அமைந்தது. யார் சுடலாம், எதைச் சுடலாம், எப்போது சுடக்கூடாது என்று வகுப்பதே அச்சங்கத்தின் வேலை. அது வகுத்த வரம்பினால் இம்மலையின் வரையாடு இன்றும் உயிர் வாழ்கிறது. அவ்வரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் மலையில் பிறந்த முதுவரும், மலைச்சரிவில் பயிர் செய்த உழவருமே. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது.

படைக்கலம் இழந்த பாளையங்கள்

மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. பாளையக்காரர் என்ற சொல்லே படையோடு தொடர்புடையது. வரி தண்டுதல், காவல் புரிதல், வேந்தன் அழைத்தபோது படை அனுப்புதல் ஆகிய மூன்றும் அவர் கடமைகள். ஆதலின் அக்காலத்தில் வேலும் வாளும் திரித்துப்பாக்கியும் ஊர்தோறும் புழங்கின. வேட்டை என்பது போர்ப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

1799ஆம் ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு மருது சகோதரர்களின் எழுச்சியும் அடக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். திண்டுக்கல், திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரை ஆகிய சீமைகளில் கோட்டைகள் இடிக்கப்படும். படைக்கலம் வைத்திருத்தல் தண்டனைக்குரியது என்பது அதன் சாரம். போர்க்குடிகளாக இருந்தோர் ஒரே ஆணையால் வெறுங்கையர் ஆயினர். பாளையக்காரர் படிப்படியாக ஜமீன்தார் ஆயினர். வேட்டை அவர்க்குப் படைப்பயிற்சி என்ற நிலை மாறிப் பொழுதுபோக்காயிற்று.

லிட்டன் பிரபு அரசப் பிரதிநிதியாக இருந்தபோது 1878ஆம் ஆண்டு படைக்கலச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது அது. ஐரோப்பியர்க்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பட்டம் பெற்ற இந்தியர் சிலர்க்கும் பெரிய ஜமீன்தார்கள் சிலர்க்கும் தனிச் சலுகைகள் இருந்தன. இன அடிப்படையிலான இவ்வேறுபாடு விதிகளிலிருந்து நீங்கியது முதல் உலகப் போருக்குப் பின்னரே. ஆக, தேயிலைத் துரைமார் இம்மலையில் குடியேறிய காலத்தில், மலையேறும் துரையின் தோளில் துப்பாக்கி இயல்பாகத் தொங்கியது. அவருக்குச் சுமை தூக்கிச் சென்றவர் அதே துப்பாக்கியை வைத்திருந்தால் அது குற்றம்.

வேட்டைக்காகக் கண்ட மலை

இம்மலைகளை அளந்து எழுதிய முதல் ஆங்கிலேயர் வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர் ஆவர். திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் அவர்கள் 1816 முதல் 1820 வரை நில அளவை செய்தனர். அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து வந்தவர் டக்ளஸ் ஹாமில்டன். சென்னைப் படையைச் சேர்ந்த அவர் தேர்ந்த ஓவியர், தீவிர வேட்டைக்காரர். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியை 1862ஆம் ஆண்டு அவர் அடைந்ததே, அச்சிகரத்தில் ஏறியதாகப் பதிவு பெற்ற முதல் ஏற்றம். அவருடைய வேட்டைக் குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் 1892இல் நூலாயின. மலையின் அழகும் அதில் உண்டு; வீழ்த்திய விலங்குகளின் கணக்கும் உண்டு. அக்காலத்தார் அவ்விரண்டுக்கும் முரண்பாடு கண்டிலர்.

தோட்டப் பயிரின் வரலாறு 1877ஆம் ஆண்டு தொடங்குகிறது. திருவிதாங்கூர் ஏலமலையின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். 1,30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. ஹென்றி கிரிபிள் டர்னர், ஏ. டபிள்யூ. டர்னர் என்னும் சகோதரர் இருவர் வேட்டைப் பயணமாகப் போடிநாயக்கனூர் வழியே மலையேறி, நிலத்தின் வளங்கண்டு தோட்டத் தொழிலில் இறங்கினர் என்பது மூணாற்றுத் தோட்ட வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் கழகம் உருவாயிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது.

அக்காலத்தில் மூணாற்றுக்கு வாசல் போடியே. இரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கும், போடியிலிருந்து கொட்டகுடிக் கணவாய் வழியே காலால் மலைக்கும் செல்வதே வழக்கம். அரிசியும் உப்பும் கருவிகளும் தலைச்சுமையாகவும் பொதிமாட்டின் முதுகிலும் ஏறின. 1902இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. நான்காண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது.

சங்கம் தோன்றிய காரணம்

வேட்டை விலங்குகள் குறைந்தபோதுதான் வேட்டைக்காரர்க்குக் கவலை பிறந்தது. நீலகிரியில் 1877ஆம் ஆண்டு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. அதன் தொடர்பாக 1879இல் சென்னை மாகாணச் சட்டம் ஒன்றும் வந்தது. வேட்டைக்கு மூடு பருவம் அறிவிக்கவும், உரிமக் கட்டணம் விதிக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அதற்கும் முன்னரே, 1873இல், காட்டு யானையைக் கொல்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. ஆக, 'சுடாதே' என்னும் ஆணை தென்னிந்திய மலைகளுக்குப் புதிதன்று. அவ்வாணையைத் தாமே வகுத்துத் தமக்கே விதித்துக்கொண்ட வேட்டைக்காரர் குழு என்பதே புதிது.

கண்ணன் தேவன் மலையில் தேயிலைக்கு உதவாத உயர்ந்த புல்வெளிகள் பல இருந்தன. ஆனைமுடியைச் சூழ்ந்த இரவிகுளம் மேட்டுநிலம் அவற்றுள் தலையாயது. நிறுவனம் அதனைத் தோட்டமாக்காமல் வேட்டைக் காப்பிடமாக ஒதுக்கி வைத்தது. போடிக்கு இரயில் வந்த அதே 1928ஆம் ஆண்டு, அங்கு வேட்டையை ஒழுங்குபடுத்த ஹைரேஞ்ச் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைந்தது. உறுப்பினர் தோட்ட மேலாளர்கள். இசைவின்றிச் சுடலாகாது, இசைவு பெற்றவரும் வரம்பு மீறலாகாது. திருட்டு வேட்டையைத் தடுக்கக் காவலர் அமர்த்தப்பட்டனர். ஓடைகளில் ட்ரவுட் மீன் வளர்க்கப்பட்டது. பனிக்காலத்தின் இறுதியில் புல்வெளியைப் பகுதி பகுதியாக எரித்து, இளம்புல் தளிர்க்கச் செய்தனர். இவ்வாறு எரித்தால் கோடையில் பெருந்தீ பரவாது என்பதும் அவர்கள் கருத்து.

இவ்வொழுங்கின் பயனைப் பெற்றது வரையாடு. மலையாடு என்றும் வழங்கப்பெறும் அது, செங்குத்துப் பாறையும் அதனை ஒட்டிய புல்வெளியும் இன்றி வாழாது. முதிர்ந்த கிடாயின் முதுகில் வெண்மை கலந்த சேணம் போன்ற நிறம் தோன்றும். துரைமார் விரும்பிய வேட்டைப் பரிசு அத்தகைய கிடாயே. வேட்டையாடுவோர் வேட்டைப் பொருள் தீராதிருக்க வேண்டும் என்று எண்ணியதே இப்பாதுகாப்பின் தொடக்கம். எண்ணம் தன்னலமுடையதே. ஆயினும் அதன் விளைவு எண்ணத்தினும் பெரிதாயிற்று.

குறிமேடை

வேட்டைச் சங்கத்தோடு உடன்பிறந்தது குறிமேடைப் பழக்கம். அதன் வேர் வேறு. 1857ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின், இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரைக் கொண்டு தன்னார்வப் படைப்பிரிவுகள் அமைக்கும் வழக்கம் பரவிற்று. தோட்டப் பகுதிகளில் குதிரையேறிச் சுடவல்லோர் மிகுதி. ஆதலின் 1904இல் தென் மாகாணக் குதிரைத் துப்பாக்கிப் படை என்னும் பிரிவு அமைந்தபோது, தென்னிந்திய மலைத்தோட்டங்களின் துரைமார் அதில் சேர்ந்தனர். 1920ஆம் ஆண்டுத் துணைப்படைச் சட்டம் இத்தகைய பிரிவுகளை ஒருமுகப்படுத்தியது. அச்சட்டத்தின்படியும் இந்தியர் அதில் சேர இயலாது. 1947இல் விடுதலையோடு அப்படையும் கலைந்தது.

இப்படைவீரர் ஆண்டுதோறும் குறி பார்த்துச் சுட்டுத் தேர்ச்சி காட்டவேண்டும். அதற்கெனத் தோட்டப் பகுதிகளில் குறிமேடைகள் அமைந்தன. குறிமேடை அமைப்பதற்கு மலைச்சரிவு இயற்கையாகவே ஏற்றது. குறிப்பலகைக்குப் பின்னே தோட்டாவைத் தாங்க உயர்ந்த மண்ணணை வேண்டும். சமவெளியில் அதனை எழுப்ப வேண்டும், மலையிலோ சரிவே அணையாகும். அணையின் அடியில் ஒரு குழி. அதனுள் நிற்போர் பலகையை ஏற்றியிறக்கி, தோட்டா தைத்த இடத்தைக் கோல் கொண்டு காட்டுவர். சுடும் நேரத்தில் செங்கொடி ஏறும். கொடி இறங்கும் வரை எவரும் எல்லைக்குள் நுழையலாகாது. ஒரு நூறு கெஜம், இருநூறு கெஜம் எனச் சுடுமிடங்கள் வகுக்கப்படும்.

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் 'ரைபிள் ரேஞ்ச்' என்ற பெயர் ஓர் ஊர்ப்பகுதிக்கும் அதனை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கும் இன்றும் வழங்குகிறது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து நெடுங்காலமாயிற்று. ஊர் மக்களின் குடிநீருக்கு உதவும் ஊற்றாக அச்சதுப்பு விளங்குகிறது. ஊர்ப்பெயர்களைத் துருவினால் தென்னக மலைகளின் படை வரலாறு இவ்வாறு ஆங்காங்கே வெளிப்படும்.

வேட்டையும் குறிமேடையும் ஒரே துப்பாக்கியின் இரு பயன்பாடுகள் எனினும் அவை கற்பிக்கும் பாடம் வேறு. வேட்டையில் தப்பிய குறி காயம்பட்ட விலங்காகிக் காட்டுக்குள் ஓடும். குறிமேடையில் தப்பிய குறி மண்ணில் புதையும். மேடையில் கொடிக்கும் கட்டளைக்கும் அடங்கிச் சுடப் பழகியவரே காட்டிலும் அடக்கத்தோடு சுடுவார் என்பது பழைய வேட்டைக்காரர் கொள்கை.

பெயர்ப்பட்டியலில் இல்லாதோர்

சங்கத்தின் கண்ணும் காலும் முதுவரே. கண்ணன் தேவன் என்னும் பெயரே இம்மலையில் வாழ்ந்த தலைவர் ஒருவரின் பெயரால் வந்தது என்பர். மதுரையிலிருந்து தெய்வத் திருவுருவை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் எனப்பட்டனர் என்பது அவர்தம் மரபுக்கதை. பேசுவது தமிழின் ஒரு வழக்கு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதி நூலில் முதுவர் பற்றிய செய்திகளைத் தந்துதவியவர் மார்ட்டின் என்னும் தோட்டத் துரை. தோட்டக்காரர்க்கும் முதுவர்க்கும் இருந்த நெருக்கத்துக்கு அது சான்று.

எந்தப் பாறை முகட்டில் எக்காலத்தில் வரையாடு நிற்கும், குட்டி ஈனும் தை, மாசித் திங்களில் மந்தை எங்கே ஒதுங்கும், காற்று எப்பக்கமிருந்து வீசினால் அணுகலாம் என்பன முதுவரின் அறிவு. அவ்வறிவின்றி எந்தத் துரையும் ஒரு கிடாயையும் கண்டிருக்க மாட்டார். வழிகாட்டியாகவும் காவலராகவும் புல்லெரிப்போராகவும் அவர்கள் பணியாற்றினர். ஆயினும் சுட்டவர் பெயர் சுவரில் மாட்டிய கொம்பின் கீழ் எழுதப்பட்டது. காட்டியவர் பெயர் எழுதப்படவில்லை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் அவருக்கு இடமில்லை. வரையாட்டைக் காத்த புகழைச் சங்கத்துக்கு வழங்கும்போது, அப்புகழில் பாதி அவர்க்குரியது என்பதை மறத்தல் நேர்மையாகாது.

மற்றொரு சாரார் உழவர். ஏலக்காட்டிலும் மலையடிவாரத் தோட்டங்களிலும் காட்டுப்பன்றியும் மானும் யானையும் புகுந்து அழிப்பது பழைய துன்பம். பரண் கட்டி, தகரம் தட்டி, தீப்பந்தம் ஏந்தி இரவெல்லாம் விழித்திருப்பதே அவர்க்கு இருந்த வழி. பயிர்க் காவலுக்கென ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றோர் சிலர். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகளிலும், மனிதர்க்கும் கால்நடைக்கும் பயிருக்கும் கேடு செய்யும் விலங்குகளை அழிப்பதற்கெனத் தனிப்படிவம் ஒன்று இருந்தது. உழவர்க்கு வேட்டை பொழுதுபோக்கன்று. துரைக்கு விலங்கு அருகினால் வருத்தம். உழவர்க்கு விலங்கு பெருகினால் வருத்தம். இவ்விரு வருத்தங்களும் ஒரே மலையில் அருகருகே வாழ்ந்தன.

வேட்டைக்காரர் காவலரானது

விடுதலைக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டு கேரள அரசு சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் நிறுவனத்திடமிருந்த நிலங்களில் தோட்டமல்லாதவற்றை மீட்டுக்கொண்டது. இரவிகுளம் அரசுக்குச் சென்றது. அதனை நிலமற்றோர்க்குப் பங்கிடலாமா, காடாகவே வைத்திருக்கலாமா என்ற வினா எழுந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரையாடு அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. விளையாட்டு வேட்டையின் காலம் அத்துடன் முடிந்தது. 1975இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. அதன் பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

வேட்டைக்கெனத் தோன்றிய சங்கம் வேட்டை ஒழிந்த பின்னும் கலையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெயரில் இருந்த வேட்டையை நீக்கி, வனவிலங்கு, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. அதன் உறுப்பினர் சிலர் பூங்காவின் தொடக்க ஆண்டுகளில் மதிப்புறு வனக்காப்பாளராகப் பணியாற்றினர். நீலகிரிச் சங்கமும் அவ்வாறே தன் பெயரையும் நோக்கையும் மாற்றிக்கொண்டது.

வரையாட்டின் எண்ணிக்கையை முறையாக ஆராய்ந்த முன்னோடியும் அம்மரபினரே. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த ஈ. ஆர். சி. டேவிதார் நீலகிரிச் சங்கத்தோடு தொடர்புடையவர். 1975ஆம் ஆண்டை ஒட்டி அவர் மேற்கொண்ட ஆய்வு, வரையாடு வாழும் மலைகளைப் பெரும்பாலும் நடந்தே அளந்தது. அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழக அரசு வரையாடு நாளாக அறிவித்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஷாலர் 1969இல் இம்மலைகளுக்கு வந்து வரையாட்டைக் கவனித்தார். கிளிஃபோர்டு ரைஸ் 1979 முதல் 1981 வரை இரவிகுளத்திலேயே தங்கி அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். குறிபார்க்கும் கண் தொலைநோக்கிக்கு மாறிய காலம் அது.

விளையாட்டாக உயர்ந்த குறி

வேட்டையிலிருந்து பிரிந்த குறிபார்க்கும் கலை வேறொரு வழியில் வளர்ந்தது. 1951இல் இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் அமைந்தது. மக்களவையின் முதல் தலைவர் ஜி. வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவராகவும் இருந்தார். படைக்கலம் ஏந்தும் பயிற்சி இனி ஓரினத்தாரின் உரிமையன்று, குடிமக்கள் அனைவரும் ஒழுங்குடன் கற்கத்தக்க கலை என்பதே அதன் உட்பொருள். மாவட்டந்தோறும் துப்பாக்கிக் கழகங்கள் தோன்றுவதற்கு அது வழியமைத்தது.

விலங்கின் இடத்தில் இப்போது வட்டங்கள் வரைந்த தாள் நின்றது. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே. சுடும் ஈயக்குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். மூச்சை அடக்கி, நாடித்துடிப்பின் இடைவெளியில் விசையை மெல்ல ஒடுக்கும் ஆற்றலே அங்கு வெல்லும். உடல் வலிமையினும் மன அடக்கம் அதில் மேலோங்குவதால் ஆணும் பெண்ணும் அதில் ஒப்ப விளங்குகின்றனர்.

1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் பீகானீர் அரச குடும்பத்துக் கர்ணிசிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இராஜ்யவர்தன்சிங் ராத்தோர் வெள்ளி வென்றார். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர்த் தங்கத்தை வென்றதும் துப்பாக்கியாலேயே. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்று, இரு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் மண்தட்டைச் சுடும் போட்டியில் பங்கேற்ற பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர். அரண்மனைகளின் வேட்டைக் கூடத்தில் வளர்ந்த கலையை இன்று எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் கற்கின்றனர். ஆயினும் துப்பாக்கியும் தோட்டாவும் பயிற்சிமேடையும் செலவு மிக்கவை. மலையடிவாரத்து ஊர்களின் மாணவர்க்கு அவை இன்னும் எளிதில் எட்டுவனவாக இல்லை.

ஒரே மலை, இரு விதி

ஏலமலையில் துப்பாக்கி பற்றிய பழைய வினா இன்று புதிய வடிவில் மீண்டும் எழுந்துள்ளது. போடியைச் சேர்ந்த உழவரும் வணிகரும் பலர் மலைக்கு மேலே, கேரள எல்லைக்குள், ஏலத்தோட்டம் வைத்துள்ளனர். வீடு தமிழகத்தில், பயிர் கேரளத்தில் என்ற நிலை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை இரு மாநிலங்களின் விதிகளும் வேறு.

கேரளத்தில் 2022ஆம் ஆண்டு மே மாத ஆணைப்படி, ஊராட்சித் தலைவர் முதலிய உள்ளாட்சிப் பொறுப்பாளர்க்கு மதிப்புறு வனக்காப்பாளர் அதிகாரம் அளிக்கப்பட்டது. பயிருக்குக் கேடு செய்யும் பன்றியைச் சுட அவர்கள் இசைவு தரலாம். உரிமம் பெற்ற துப்பாக்கியாளர் சுடலாம். தமிழகத்தில் 2025ஆம் ஆண்டு சனவரியில் அறிவிக்கப்பட்ட முறை வேறு. காட்டெல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். ஒரே வரையின் இருபுறத்திலும் ஒரே பன்றி மேய்கிறது. எவர் விரல் விசையில் இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இரு விடைகள்.

இவ்வினாவில் எளிய விடை காண்பது அரிது. பன்றி ஓரிரவில் அழிக்கும் தோட்டம் ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு. எனினும் உரிமம் தளர்ந்தால் பன்றியின் பெயரால் மானும் கடமாவும் வீழும் என்ற அச்சமும் பொய்யன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் தோட்டத் துரைமார் கண்ட தீர்வில் ஓர் உண்மை உண்டு: விதியை வகுப்போர் அந்நிலத்தோடு வாழ்வோராக இருந்தால் விதி நிலைக்கும். அவர்தம் தவறும் அங்கேயே உள்ளது: நிலத்தோடு வாழ்ந்தோருள் ஒரு சிறு பகுதியினரையே அவர்கள் மனிதராக எண்ணி அழைத்தனர்.

2023ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. போடிமெட்டுக்கு அப்பால் சின்னக்கானல் பகுதியில் அரிசிக்காக வீடுகளையும் கடைகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்னும் ஆண்யானை ஏப்ரல் 29ஆம் நாள் பிடிக்கப்பட்டுப் பெரியாற்றுக் காட்டில் விடப்பட்டது. மே 27ஆம் நாள் அது கம்பம் நகரத் தெருவில் நடந்தது. ஜூன் 5ஆம் நாள் தேனி மாவட்டத்தில் மீண்டும் பிடிக்கப்பட்டுத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இரு முறையும் அதன்மேல் குறிபார்த்து எய்யப்பட்டது தோட்டா அன்று, மயக்க ஊசி. ஹாமில்டன் காலத்தில் இத்தகைய யானைக்கு ஒரே முடிவுதான் இருந்திருக்கும். துப்பாக்கியின் குழல் மாறவில்லை. அதிலிருந்து புறப்படும் பொருள் மாறியுள்ளது.

வரையாட்டுக்கெனத் தமிழக அரசு 2023 அக்டோபரில் தனித்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன. கணக்கெடுக்கச் சென்ற குழுக்களுக்கு வழிகாட்ட, மலையறிந்த பழங்குடியினரின் துணை இன்றும் வேண்டியிருக்கிறது. நூறாண்டுக்கு முன் வேட்டைக்கு வழிகாட்டியவரின் வழித்தோன்றல்கள் இன்று எண்ணிக்கைக்கு வழிகாட்டுகின்றனர்.

2023 ஜூன் 15ஆம் நாள் போடிக்கு அகலப்பாதை இரயில் மீண்டும் வந்தது. அந்நிலையத்தில் இறங்கி மேற்கே நோக்குவோர்க்கு மலை அதே மதிலாகவே தோன்றும். அதன் மீது ஏறி இறங்கிய துரைமாரின் குறிப்புகள் நூல்களாக உள்ளன. அவர்களுக்குப் பாதை காட்டிய முதுவரும், பரணில் விழித்திருந்த உழவரும், பொதி சுமந்தோரும் கண்டவை எழுத்தில் ஏறவில்லை. முதியோர் சிலர் நினைவில் அவை இன்னும் எஞ்சியுள்ளன. அந்நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்வது இலக்கிய அமைப்புகள் மேற்கொள்ளத்தக்க பணி. அது நிறைவேறும் நாளில்தான் போடி மலைச்சாரலின் வேட்டை வரலாறு, வேட்டையாடியவர் வரலாறாக மட்டும் நில்லாது, மலையின் வரலாறாகும்.